விண்டோஸின் காக்கப்பட்ட கோப்புகளைத் திருத்துதல்: அனுமதி மறுப்பை வரிசைப்படி நீக்கும் முறை

பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து சேரும் நம் பிள்ளைகளில் பலர், கணினியின் அனுமதிச் சிக்கலை முதன்முதலில் சந்திப்பது ஹோஸ்ட்ஸ் கோப்பில்தான். எந்தச் சர்வர் பெயர் எந்த எண் முகவரிக்குச் செல்ல வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் சிறிய எழுத்துக் கோப்பு அது. ஒயிட்ஃபீல்டில் இணையதளச் சோதனை செய்பவர், இன்னும் வெளியாகாத தளத்தின் பெயரைச் சோதனைச் சர்வருக்குத் திருப்ப அதில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவர், பில்லிங் நிரல் தேடும் சர்வர் பெயரைக் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கணினிக்குக் காட்ட அதே போன்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டியிருக்கும். இருவருக்கும் கணினி சொல்லும் பதில் ஒன்றே: அனுமதி இல்லை.

அந்தப் பதிலைக் கண்டதும், கோப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து, எல்லோரையும் குறிக்கும் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு உரிமை கொடுத்துவிடுவதே புதியவர்களின் வழக்கமாக இருக்கிறது. வேலை அப்போதைக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணினியில் இயங்கும் எந்த நிரலும், தீய நிரல் உட்பட, அன்றிலிருந்து அந்தக் கோப்பை மாற்றலாம். கோப்பின் காவலைத் தளர்த்துவதற்கு முன், திருத்தும் நிரலுக்கு உரிய அதிகாரம் கிடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடுவதால், கீழுள்ள படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன். இவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டு முழுவதும் ஹோஸ்ட்ஸ் கோப்புதான்.

1. தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

கணினி யாருடையது என்பதே முதல் கேள்வி. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் உங்கள் கணக்குக்கு நிர்வாகி உரிமை இல்லையென்றால், அது பழுதன்று. நிறுவனம் எடுத்த முடிவு. அதைச் சுற்றிக் கடக்க முயல்வது வேலைக்கே ஆபத்தாக முடியலாம். ஐடி பிரிவில் டிக்கெட் போட்டு, எந்தக் கோப்பில் எந்த வரி, எத்தனை நாளுக்கு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். "அட்மின் வேண்டும்" என்று மட்டும் எழுதிய டிக்கெட்டைவிட இப்படி எழுதிய டிக்கெட் விரைவில் நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கியவர்கள், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குச் சென்று, 'ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்' என்ற பக்கத்தில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், முன்பு அதைப் பயன்படுத்திய நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் இன்னும் அதில் அமலில் இருக்கக்கூடும். அத்தகைய கணினியை வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்று முறையாக விடுவித்துத் தரும்படி கேட்பதே சரியான வழி. கோப்பு அனுமதிகளைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது உங்கள் கணக்கின் வகை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதனுள் 'யுவர் இன்ஃபோ' என்ற பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டை அறிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, கோப்புப் பெயர்களின் பின்னொட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் போதும். விண்டோஸ் 11-இல் அது 'வியூ' பட்டியலுக்குள் 'ஷோ' என்பதன் கீழ் இருக்கும். இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள் நான்காம் படியில் தவறாமல் தடுமாறுகிறார்கள்.

இறுதியாக, திருத்தப்போகும் கோப்பின் காப்பு நகலை உங்கள் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் வைத்து, மூலக் கோப்பின் இருப்பிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் படிவரை போக நேரும் என்று தோன்றினால், கணினியின் அமைப்பை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரிஸ்டோர் பாயிண்ட் ஒன்றையும் உருவாக்குங்கள். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே இருக்கும். ஆகவே இருக்கும் என்று நம்பாமல் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் வேறிடத்தில் எழுதி வைத்திருங்கள். கணினி தொடங்க மறுக்கும் நிலை வந்தால் அதைக் கேட்கக்கூடும்.

2. மறுப்புச் செய்தியை முழுவதும் வாசித்தல்

'ஓகே' பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். ஏனென்றால், எல்லா மறுப்பும் அனுமதி மறுப்பன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

'ஆக்சஸ் இஸ் டினைடு' என்றோ, பிழை எண் 5 என்றோ வந்தால் அது அனுமதியைப் பற்றியது. கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது என்று வந்தாலோ, பிழை எண் 32 என்றிருந்தாலோ, அனுமதியில் ஒரு குறையும் இல்லை. கோப்பைப் பிடித்து வைத்திருக்கும் நிரலை மூட வேண்டும், அவ்வளவே. எந்த நிரல் என்று தெரியவில்லையானால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற தேடல் பெட்டியில் கோப்பின் பெயரை இட்டால் காட்டிவிடும்.

'திஸ் ஃபைல் இஸ் செட் டு ரீட்-ஒன்லி' என்று வந்தால் நேராக ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.

'கன்டினியூ' என்ற பொத்தானுடன் வரும் இரண்டு செய்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் விளைவில் இரண்டும் முற்றிலும் வேறு. ஒரு கோப்பை சிஸ்டம் கோப்புறைக்குள் நகலெடுக்கும்போது நிர்வாகி அனுமதி தேவை என்று வரும் செய்தியில் 'கன்டினியூ' என்பதை அழுத்தினால், அந்த ஒரு செயலுக்கு மட்டும் அதிகாரம் கிடைக்கும். பின்னர் எல்லாம் பழையபடி இருக்கும். ஆனால், ஒரு கோப்புறையைத் திறக்கும்போது வரும் செய்தியில் 'பெர்மனென்ட்லி' என்ற சொல் இருந்தால், 'கன்டினியூ' என்பதை அழுத்திய கணமே உங்கள் கணக்கின் பெயர் அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். சும்மா பார்க்கலாம் என்று, விண்டோஸின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32-க்குள் இருக்கும் 'கான்ஃபிக்' கோப்புறையைத் திறப்பவர்கள் இப்படித்தான் தெரியாமலே அனுமதிகளை மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் 'கேன்சல்' என்பதை அழுத்துங்கள்.

3. எடிட்டரை நிர்வாகி அதிகாரத்துடன் திறத்தல்

"நான்தானே அட்மின், எனக்கு ஏன் அனுமதி இல்லை?" என்ற கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நிர்வாகிக் கணக்கில் நுழைந்தாலும், விண்டோஸ் அந்த அதிகாரத்தை ஒவ்வொரு நிரலுக்கும் கொடுப்பதில்லை. கணக்குக்கு முழு அதிகாரச் சீட்டு, குறைக்கப்பட்ட அதிகாரச் சீட்டு என இரண்டு வழங்கி, சாதாரணமாகத் திறக்கும் எல்லா நிரல்களையும் குறைக்கப்பட்ட சீட்டுடனேயே இயக்குகிறது. திரை மங்கி, 'யெஸ்' அல்லது 'நோ' என்று கேட்டு, நீங்கள் 'யெஸ்' என்று சொன்ன நிரலுக்கு மட்டுமே முழுச் சீட்டு கிடைக்கும். ஆகவே கோப்பு உங்களை மறுக்கவில்லை. நீங்கள் திறந்த நோட்பேடை மறுக்கிறது.

முதலில் திறந்திருக்கும் எல்லா நோட்பேட் சாளரங்களையும் மூடுங்கள். பின்னர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி நோட்பேட் என்று தேடி, கிடைத்த பெயரின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை மங்கிக் கேள்வி வர வேண்டும். வராமல் நேராகத் திறந்துவிட்டால், அதிகாரம் கிடைத்ததா என்று டாஸ்க் மேனேஜரில் சரிபாருங்கள்: 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'எலிவேட்டட்' என்ற நெடுவரிசையைச் சேர்த்தால், நோட்பேடுக்கு எதிரே 'யெஸ்' என்று இருக்க வேண்டும்.

அடுத்து, நோட்பேடின் உள்ளிருந்தே 'ஃபைல்', 'ஓபன்' வழியாகக் கோப்பைத் திறக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் வேறொரு நோட்பேட், குறைந்த அதிகாரத்துடன், திறக்கும். எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்து வந்து நோட்பேடின் மேல் போட்டாலும் எதுவும் நிகழாது. குறைந்த அதிகாரத்தில் இயங்கும் எக்ஸ்ப்ளோரர், உயர்ந்த அதிகாரத்தில் இயங்கும் நோட்பேடுக்கு எதையும் அனுப்ப விண்டோஸ் விடுவதில்லை. சுட்டி பழுதாகிவிட்டது என்று இந்த இடத்தில் எண்ணியவர்களும் உண்டு.

ஹோஸ்ட்ஸ் கோப்பு இருக்கும் இடம்: சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ், அதனுள் இடிசி. அந்தக் கோப்புறையை நோட்பேடின் 'ஓபன்' சாளரத்தில் திறந்தால் காலியாகத் தெரியும். பயப்பட வேண்டாம்: நோட்பேட் முதலில் டெக்ஸ்ட் கோப்புகளை மட்டுமே காட்டும், ஹோஸ்ட்ஸ் கோப்புக்கோ பின்னொட்டே கிடையாது. கீழே வலப்பக்கத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் கோப்பு தெரியும்.

கோப்பின் இறுதியில் புதிய வரி எழுதுங்கள்: முதலில் எண் முகவரி, எடுத்துக்காட்டாக 192.168.1.10, பின் ஓர் இடைவெளி, அதன்பின் சர்வரின் பெயர். வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால் அந்த வரி குறிப்பாக மட்டுமே கொள்ளப்படும். மேலே உள்ள வரியைப் படியெடுத்து எழுதுபவர்கள் அந்தக் குறியையும் சேர்த்து எழுதிவிட்டு அனுமதிச் சிக்கல் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பின்னர் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்திச் சேமியுங்கள். எந்தச் சாளரமும் திறக்காமல் சேமிப்பு நடந்தால் வேலை சரியாக முடிந்தது. 'சேவ் அஸ்' சாளரம் திறந்தால், பெரும்பாலும் நோட்பேடுக்கு அதிகாரம் கிடைக்கவில்லை என்று பொருள். அதில் எந்தப் பெயரிலும் சேமிக்காமல் மூடிவிட்டு, இந்தப் படியை முதலிலிருந்து தொடங்குங்கள்.

நோட்பேட்++, விஎஸ் கோட் ஆகியவற்றைப் பயன்படுத்துவோர், சேமிப்பு மறுக்கப்படும்போது நிர்வாகியாக மீண்டும் முயலலாமா என்று அந்த நிரல்களே கேட்பதைக் காணலாம். அதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள். நாள் முழுவதும் நிர்வாகி அதிகாரத்துடன் திறந்து கிடக்கும் எடிட்டர், வேறு கோப்புகளைத் தவறாகத் தொடவும் வழி செய்யும்.

இந்தப் படியில் இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. அலுவலக நெட்வொர்க்கின் டிரைவ் எழுத்துகள் நிர்வாகியாகத் திறந்த நிரலில் பெரும்பாலும் தென்படாது, ஏனெனில் அவை குறைக்கப்பட்ட சீட்டின் கணக்கில் இணைக்கப்பட்டவை. காப்பு நகலை அங்கே வைத்திருந்தால் முன்பே உங்கள் கணினிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மேலும், உங்களுடையது சாதாரணக் கணக்காக இருந்து வேறொருவரின் நிர்வாகி பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்திருந்தால், அந்த நோட்பேட் அவருடைய பெயரிலேயே இயங்கும். அது காட்டும் டாக்குமெண்ட்ஸ் கோப்புறை அவருடையது, உங்களுடையதன்று.

4. சேமித்தது எங்கே சென்றது என்று பார்த்தல்

"சேவ் ஆயிடுச்சு அண்ணா, ஆனா வேலை செய்யல" என்று சொல்பவர்களின் கணினியில் நான் முதலில் பார்ப்பது, திருத்தம் வேறிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

அதிகாரமில்லாத நோட்பேடில் சேமிக்க முயன்றால், இந்த இடத்தில் சேமிக்க அனுமதி இல்லை, டாக்குமெண்ட்ஸில் சேமிக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். பழக்கத்தில் 'யெஸ்' என்று அழுத்தியவர்களின் திருத்தம் டாக்குமெண்ட்ஸில் இருக்கும். மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. முதலில் அங்கே தேடுங்கள்.

இரண்டாவது, பின்னொட்டு. நோட்பேட் தானாகவே பெயரின் இறுதியில் .டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டைச் சேர்த்துவிட்டால், இடிசி கோப்புறையில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். முதற்படியில் சொன்னபடி பின்னொட்டைத் தெரியவைத்திருந்தால் வேறுபாடு உடனே விளங்கும். விண்டோஸ் பின்னொட்டில்லாத கோப்பை மட்டுமே படிக்கும்.

மூன்றாவது, பழைய 32-பிட் நிரல்களின் பிரச்சினை. பில்லிங் மற்றும் கணக்கு நிரல்களை இன்னும் பயன்படுத்தும் கடைகளில் இதை அடிக்கடி காணலாம். தனக்கு எந்த அளவு அதிகாரம் வேண்டும் என்று அறிவிக்காத பழைய 32-பிட் நிரல், விண்டோஸ் அல்லது புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் அதை மறுக்காமல், அந்த எழுத்தை உங்கள் பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, லோக்கல், அதனுள் 'வெர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்திற்குத் திருப்பிவிடும். அந்த நிரலுக்குத் தன் திருத்தம் தெரியும். மற்ற எதற்கும் தெரியாது. ஒரே கணினியில் ஒரு பயனருக்கு ஓர் அமைப்பும் மற்றவருக்கு வேறோர் அமைப்பும் தெரிந்தால், வெர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பாருங்கள்.

இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது, 32-பிட் எடிட்டர் சிஸ்டம்32-ஐத் திறக்கும்போது விண்டோஸ் அதற்கு சிஸ்வாவ்64 என்ற கோப்புறையைக் காட்டும் என்பது. இடிசி கோப்புறைக்கு இதிலிருந்து விலக்கு உண்டு என்பதால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சிக்கல் இல்லை. சிஸ்டம்32-இன் பிற கோப்புகளுக்கு 64-பிட் எடிட்டரையே பயன்படுத்துங்கள்.

சேமித்தது உண்மையில் செயல்படுகிறதா என்று அறிய, கட்டளைகளை எழுதி இயக்கும் கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் கட்டளையுடன் சர்வர் பெயரைக் கொடுங்கள். நீங்கள் எழுதிய எண் முகவரி திரையில் வர வேண்டும். எதிர்முனையிலிருந்து பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, முகவரி சரியாக வந்தாலே போதும். என்எஸ்லுக்கப் கட்டளையால் சோதிக்காதீர்கள்: அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் பெயர்களுக்கு எண் முகவரி தரும் டிஎன்எஸ் சர்வரை நேரே கேட்கும் ஆகையால், திருத்தம் சரியாக இருந்தாலும் பழைய பதிலையே சொல்லும். பிங் சரியாகக் காட்டியும் பிரௌசர் பழைய தளத்தையே திறந்தால், பிரௌசரை முழுவதும் மூடித் திறங்கள். இணையத்துக்கும் உங்களுக்கும் இடையில் நிற்கும் அலுவலக ப்ராக்சி வழியாகச் செல்லும் பிரௌசரானால், பெயரைத் தேடுவது ப்ராக்சிதான் என்பதால் உங்கள் கோப்பு அங்கே செல்லுபடியாகாது.

5. ரீட்-ஒன்லி குறியும் பாதுகாப்பு மென்பொருளும்

கோப்பின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால், முதல் பக்கத்தின் அடியில் 'ரீட்-ஒன்லி', 'ஹிட்டன்' என்ற இரண்டு குறிகள் இருக்கும். இவை அனுமதிப் பட்டியலோடு தொடர்பில்லாத தனிக் காவல். நிர்வாகி அதிகாரத்துடன் திறந்த நோட்பேடையும் ரீட்-ஒன்லி குறி தடுக்கும். குறியை எடுத்து, திருத்திச் சேமித்து, முன்பு இருந்திருந்தால் மீண்டும் இடுங்கள். மறைக்கப்பட்ட கோப்பின் மேல் சேமிக்கச் சில எடிட்டர்களால் முடியாது என்பதால், 'ஹிட்டன்' குறி இருந்தால் அதையும் தற்காலிகமாக எடுக்க வேண்டும்.

நிர்வாகி அதிகாரமும் இருக்கிறது, ரீட்-ஒன்லி குறியும் இல்லை, ஆனாலும் மறுப்பு வருகிறது என்றால், அடுத்து ஐயப்பட வேண்டியது ஆன்டிவைரஸ். சில பாதுகாப்பு மென்பொருள்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தாங்களே காவல் காக்கின்றன. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ப்ரொடக்ஷன் ஹிஸ்டரி' என்ற பக்கத்தைத் திறந்தால், எதைத் தடுத்தது என்று அங்கே பதிவாகியிருக்கும். மைக்ரோசாஃப்டின் சர்வர்களை முடக்கும் வரிகளை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதினால், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைக் கோப்பைக் கைப்பற்றும் தீச்செயல் என்று கொண்டு, நீங்கள் ஒப்புக்கொண்டால் கோப்பையே தொடக்க நிலைக்குத் திருப்பிவிடும். உங்கள் மற்ற வரிகளும் அத்துடன் போய்விடும். மென்பொருள் முழுவதையும் அணைக்காமல், ஹோஸ்ட்ஸ் காவலை மட்டும் நிறுத்தி, வேலை முடிந்ததும் திரும்ப இயக்குங்கள்.

6. அனுமதிப் பட்டியலை மாற்றாமல் வாசித்தல்

இதுவரை எதுவும் பலிக்கவில்லையென்றால் மட்டும் 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்துங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு இயல்பாக இருக்க வேண்டியவை: 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இரண்டுக்கும் முழு உரிமை, 'யூசர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் உரிமை. இதிலிருந்து எங்கே விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

'டினை' என்று தொடங்கும் வரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கோப்பிலேயே நேரடியாக எழுதப்பட்ட மறுப்பு, எந்த அனுமதியையும் வென்றுவிடும். பிள்ளைகள் மாற்றக்கூடாது என்று எண்ணி 'யூசர்ஸ்' குழுவுக்கு மறுப்பு எழுதியவர் தன்னையும் சேர்த்தே பூட்டிக்கொள்கிறார், ஏனெனில் நிர்வாகியும் அந்தக் குழுவில் அடங்கியவரே. மறுப்பு வரியை நீக்கினால் போதும். புதிதாக யாருக்கும் உரிமை கொடுக்கத் தேவையில்லை.

பட்டியலில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால், அது இந்தக் கணினியில் இல்லாத ஒரு கணக்கு. பழைய கணினியின் டிஸ்க்கை எடுத்து இதில் பொருத்தியவர்களுக்கு இது வரும். உங்கள் சொந்தப் படங்களும் ஆவணங்களும் இருக்கும் கோப்புறையானால், அதன் உரிமையாளராக உங்களை மாற்றிக்கொள்வதில் தீங்கில்லை. விண்டோஸ் இயங்கும் கோப்புறையில் அப்படிச் செய்யக் கூடாது.

'அட்வான்ஸ்டு' சாளரத்தில் 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' என்றொரு பக்கம் உண்டு. அதில் ஒரு கணக்கின் பெயரைக் கொடுத்தால், எல்லா வரிகளையும் கூட்டிக் கழித்து அந்தக் கணக்குக்கு எஞ்சும் உரிமை என்ன என்று விண்டோஸே சொல்லும். நீண்ட பட்டியலைக் கண்டு குழம்புவதற்கு இதைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

7. நகலெடுத்தலும் நகர்த்தலும்

ஹோஸ்ட்ஸ் கோப்பை டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்து திருத்தி, மீண்டும் இடிசி கோப்புறைக்குள் போடும் வழியைப் பலர் பின்பற்றுகிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. நகலெடுத்த கோப்பு, சென்று சேரும் கோப்புறையின் அனுமதிகளைப் பெறும். ஒரே டிரைவுக்குள் நகர்த்திய கோப்போ, புறப்பட்ட இடத்தின் அனுமதிகளையே சுமந்து வரும். சி டிரைவுக்குள் சுட்டியால் இழுத்துப் போடுவது நகர்த்தல் ஆகும்.

அதனால் நேர்வது இது: டெஸ்க்டாப்பில் இருந்த கோப்பில் 'யூசர்ஸ்' குழுவுக்கு இடம் இல்லை. பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவை, நிர்வாகியாக இயங்காமல் குறைந்த அதிகாரமுள்ள தனிக் கணக்கில் இயங்குவதால், அந்தக் கோப்பை அதனால் படிக்க முடியாது. கோப்பு சரியான இடத்தில் இருக்கும், வரி சரியாக இருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது, பிங் மட்டும் பழைய முகவரியையே காட்டும்.

சரிசெய்ய, 'அட்வான்ஸ்டு' சாளரத்தில் 'எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' பொத்தான் தெரிந்தால் அழுத்தி, தாய்க் கோப்புறையிலிருந்து வராத வரிகளை நீக்குங்கள். இன்னும் எளிய வழி: திருத்திய கோப்பின் வரிகளை நிர்வாகி நோட்பேடில் திறந்த மூலக் கோப்பில் ஒட்டுவது. கோப்பே இடம் மாறாததால் அனுமதியும் மாறாது.

8. டிரஸ்டட் இன்ஸ்டாலருக்கு உரிய கோப்புகள்

சிஸ்டம்32-இல் உள்ள பெரும்பாலான கோப்புகளின் உரிமையாளர் நிர்வாகி அல்லர். விண்டோஸ் கோப்புகளை நிறுவிப் புதுப்பிக்கும் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சேவை. நிர்வாகிக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டுமே உரிமை. எனவே நிர்வாகியாகத் திறந்த நோட்பேடும் இங்கே மறுக்கப்படும்.

இந்தக் கோப்பைத் திருத்தத்தான் வேண்டுமா என்று நின்று யோசியுங்கள். நிரல் கோப்புகளைத் திருத்தினால் அவற்றின் டிஜிட்டல் கையொப்பம் கெடும். மேலும், சிஸ்டம்32-இல் காணும் பல கோப்புகள் தனி நகல்களல்ல. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற சேமக் கோப்புறையில் இருக்கும் அதே கோப்பின் இன்னொரு பெயர். இங்கே திருத்தினால் சேமத்தில் இருப்பதும் கெடும். பழுது பார்க்க உதவ வேண்டிய நகலே பழுதாகிவிடும். அதோடு, அடுத்த விண்டோஸ் அப்டேட் உங்கள் திருத்தத்தை அழித்துவிடவும் கூடும். அமைப்பை மாற்ற செட்டிங்ஸிலோ, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலோ வழி இருந்தால் அதையே நாடுங்கள்.

தவிர்க்க முடியாதபோது, முதலில் அந்தக் கோப்பின் இன்றைய அனுமதிகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள், உரிமையாளர் பெயர் தெரியும்படி. 'அட்வான்ஸ்டு' சாளரத்தின் மேற்பகுதியில் உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் 'சேஞ்ச்' என்பதை அழுத்தி, 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று எழுதி, 'செக் நேம்ஸ்' அழுத்தி உறுதிசெய்யுங்கள். பிறகு எல்லாச் சாளரங்களையும் மூடி மறுபடி திறக்க வேண்டும். இல்லையேல் பட்டியலை மாற்றும் பொத்தான்கள் செயல்படாமல் போகலாம்.

உரிமையாளர் ஆனவுடன் சேமித்துவிடலாம் என்று எண்ணுவது அடுத்த பிழை. உரிமையாளருக்குத் தானாகக் கிடைப்பது அனுமதிப் பட்டியலை மாற்றும் அதிகாரம் மட்டுமே. எழுதும் அதிகாரத்தை அவர் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' குழுவுக்கு அந்த ஒரு கோப்பில் மட்டும் முழு உரிமை சேர்த்து, திருத்தி, சேமியுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இதைச் சிஸ்டம்32 கோப்புறை முழுவதற்கும் செய்யாதீர்கள். துணைக் கோப்புறைகளுக்கும் பொருந்தட்டும் என்று கேட்கும் கட்டத்தில் குறியிடாதீர்கள்.

வேலை முடிந்ததும், சேர்த்த உரிமையை நீக்கிவிட்டு உரிமையாளரைத் திரும்ப மாற்றுங்கள். பெயரை எழுதும் பெட்டியில் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்று மட்டும் எழுதினால் அப்படியொரு பெயர் இல்லை என்று வரும். 'என்டி சர்வீஸ்' என்பதை நடுவில் இடைவெளியுடன் எழுதி, அடுத்து பின்சாய்வுக் கோடு இட்டு, அதை ஒட்டி, இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக, டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்று எழுத வேண்டும். 'லொகேஷன்' பெட்டியில் உங்கள் கணினியின் பெயர் இருக்க வேண்டும்; நிறுவனத்தின் டொமைன் பெயர் இருந்தால் கிடைக்காது. அனுமதிகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஐகேக்கிள்ஸ் கட்டளையால் அவற்றைச் சேமித்து வைத்தவர்களும் இந்தப் படியைச் செய்தாக வேண்டும், ஏனெனில் அந்தக் கட்டளை அனுமதி வரிகளைச் சேமிக்குமே தவிர, உரிமையாளரைச் சேமிக்காது.

9. ஏற்கெனவே பரவலாக மாற்றிவிட்டவர்கள் செய்ய வேண்டியது

சிஸ்டம்32 முழுவதற்கும் 'எவ்ரிஒன்' உரிமை கொடுத்த பின்னரோ, சி டிரைவ் முழுவதன் அனுமதிகளையும் ஒரே கட்டளையில் துடைத்த பின்னரோ இதைப் படிப்பவர்கள், ஒவ்வொரு கோப்பாகத் திருத்த முயல வேண்டாம். விண்டோஸ் நிறுவும்போது கோப்புக்குக் கோப்பு வேறுவேறாக அமைத்த அனுமதிகளைக் கையால் திரும்ப எழுத இயலாது.

முதலில் சிஸ்டம் ரிஸ்டோர் பாயிண்ட் இருந்தால் அதற்குத் திரும்புங்கள். இல்லையென்றால், நிர்வாகி கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் டிஸ்ம் கட்டளையால் சேமக் கோப்புறையைப் பழுது பார்த்து, அதன்பின் விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை இயக்குங்கள். இந்த வரிசை முக்கியம்: எஸ்எஃப்சி தன் நகல்களைச் சேமத்திலிருந்தே எடுக்கிறது, சேமம் கெட்டிருக்கும்போது அதை முதலில் இயக்கினால் சரிசெய்ய முடியவில்லை என்றே சொல்லும். ஆனால் இவை கோப்புகளின் உள்ளடக்கத்தைச் சரிசெய்வதற்கானவை; டிரைவ் முழுவதும் கலைந்த அனுமதிகளை இவை மீட்கும் என்று நம்ப வேண்டாம்.

அந்த நிலைக்கு ஏற்ற வழி, உங்கள் விண்டோஸின் அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பாக (நிறுவல் வட்டின் முழு நகல்) இறக்கி, இயங்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் செட்டப் நிரலை இயக்குவது. 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்ற தேர்வு திரையில் இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே 'இன்ஸ்டால்' அழுத்துங்கள். அந்தத் தேர்வு மங்கலாக இருந்தால், பதிப்போ மொழியோ பொருந்தவில்லை என்று பொருள், அங்கேயே நிறுத்திச் சரியான ஐஎஸ்ஓவை இறக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் உங்கள் ஆவணங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்தே வையுங்கள்.